பழைய காரின் சூட்டை எண்ணாகப் பாருங்கள்: ஒரு மாருதி 800-இன் ஃபேன் கணக்கு

பழைய கார் வைத்திருப்பவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: உங்கள் வண்டியில் ரேடியேட்டர் ஃபேன் எத்தனை டிகிரியில் ஓட ஆரம்பிக்கிறது, எத்தனை டிகிரியில் நிற்கிறது? பெரும்பாலும் "ஃபேன் நல்லாத்தான் ஓடுது" என்று பதில் வரும். ஓடுகிறது, சரி. எப்போது ஓடுகிறது, எவ்வளவு நேரம் ஓடுகிறது, ஓடியபின் சூடு இறங்குகிறதா? இந்த மூன்றும் தெரிந்தால் ரேடியேட்டர், தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வு), வாட்டர் பம்ப், தண்ணீர் அளவு எல்லாவற்றின் நிலைமையும் எதையும் கழற்றாமலே ஓரளவு பிடிபட்டுவிடும்.

என்னுடையது 1997 மாடல் மாருதி 800. கார்புரேட்டர் வண்டி, 796 சிசி, மூன்று சிலிண்டர், சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட் அலுமினியம். கோவையில் ஒரு நூற்பாலையில் ஹ்யூமிடிஃபிகேஷன் பிளான்ட் பராமரிப்பு என் வேலை. வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் நேரம் தவறாமல் பார்த்து ரிஜிஸ்டரில் எழுதுவது அங்கே வந்த பழக்கம். அதையே காருக்கும் கொண்டுவந்தேன். மனைவியின் ஊர் குன்னூர் என்பதால் மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் அடிக்கடி ஏறி இறங்க வேண்டியிருக்கிறது. சமவெளியில் மறைந்திருக்கும் கூலிங் கோளாறை அந்த ஏற்றம் உடனே வெளியே கொண்டுவந்துவிடும்.

இங்கே சொல்வது எலக்ட்ரிக் ஃபேன் உள்ள எந்தப் பழைய காருக்கும் பொருந்தும். அம்பாசிடர், பத்மினி போல இன்ஜினோடு சேர்ந்து பெல்ட்டில் சுற்றும் ஃபேன் உள்ள வண்டிகளுக்கு ஸ்விட்ச், ரிலே (சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை ஆன், ஆஃப் செய்யும் பாகம்) பற்றிய பகுதி தேவைப்படாது. மற்றதெல்லாம் அவற்றுக்கும் உண்டு.

எது இயல்பான சூடு

தெர்மோஸ்டாட்டின் மேல் 82 அல்லது 88 என்று ஓர் எண் பொறித்திருக்கும். அது திறக்க ஆரம்பிக்கும் வெப்பநிலை. முழுதாகத் திறக்க அதற்கு மேல் பத்துப் பன்னிரண்டு டிகிரி ஆகும். அதனால் வண்டி சீராக ஓடும்போது இன்ஜின் தண்ணீர் 82-க்கும் 95-க்கும் இடையில் எங்காவது இருக்கும். ஃபேன் ஸ்விட்ச் பெரும்பாலான கார்களில் 90-க்கும் 100-க்கும் இடையில் ஒரு புள்ளியில் ஆன் ஆகி, அதிலிருந்து சில டிகிரி இறங்கியதும் ஆஃப் ஆகும். சில ஸ்விட்சுகளின் உடம்பிலேயே இரண்டு எண்களும் அடித்திருக்கும். ஸ்விட்சைக் கழற்ற நேர்ந்தால் துடைத்துப் பாருங்கள்.

இந்த எண்களோடு சேர்த்து ரேடியேட்டர் மூடியையும் மனதில் வைக்க வேண்டும். மூடியின் தலையில் 0.9 அல்லது 1.1 என்று இருக்கும். உள்ளே எவ்வளவு அழுத்தம் சேரும்வரை அது தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும் என்பதுதான் அந்த எண். குக்கர் வெயிட் செய்யும் வேலையேதான். 0.9 மூடி சரியாகப் பிடித்தால் கடல்மட்டத்தில் வெறும் தண்ணீர்கூட சுமார் 118 டிகிரி வரை கொதிக்காது. ரப்பர் காய்ந்துபோன மூடியாக இருந்தால் 100-லேயே கொதித்துவிடும்.

ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் குறைவு என்பதால் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 92 டிகிரி சுமாருக்கே கொதிக்கும். என் காரில் ஃபேன் ஆன் ஆவது 93-இல். மூடி அழுத்தம் பிடிக்கவில்லை என்றால், ஃபேன் ஓட வேண்டிய நேரம் வருவதற்குள் தண்ணீர் கொதித்து ஸ்பேர் டப்பா (ரேடியேட்டரில் மிஞ்சும் தண்ணீர் வந்து சேரும் பிளாஸ்டிக் டப்பா) வழியாக வெளியே போய்விடும். கோவையில் வருடம் முழுக்க ஒரு குறையும் சொல்லாத வண்டி ஊட்டி சேரிங் கிராஸ் டிராஃபிக்கில் நின்று புகைவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். வண்டிக்காரர் ஃபேனையும் ரேடியேட்டரையும் திட்டிக்கொண்டிருப்பார், கோளாறு மூடியில் இருக்கும். மலைப்பயணம் போகும் பழைய காருக்கு முதல் செலவு புது மூடிதான், வேறு எதுவும் அப்புறம். அதே எண் உள்ள மூடியைக் கேட்டு வாங்குங்கள். "இதுவும் உக்காரும்" என்று கடைக்காரர் நீட்டுவதை வாங்காதீர்கள்.

மூடியைச் சோதிப்பது எளிது. அடியில் உள்ள பெரிய ரப்பர் வட்டத்தில் வெடிப்போ ஆழமான தடமோ இருக்கக் கூடாது. நடுவில் சின்னதாக ஒரு வால்வு இருக்கும். அதை நகத்தால் இழுத்து விட்டால் டக்கென்று பழைய இடத்துக்குப் போக வேண்டும். அது இன்ஜின் ஆறும்போது டப்பாவிலிருந்து தண்ணீரைத் திரும்ப உள்ளே இழுக்கும் வழி. காலையில் பானட்டைத் திறந்தால் மேல் ஹோஸ், அதாவது இன்ஜினிலிருந்து ரேடியேட்டரின் மேற்பகுதிக்குப் போகும் ரப்பர் குழாய், சப்பி ஒட்டிக் கிடக்கிறதா? அந்தச் சின்ன வால்வு அடைத்திருக்கிறது, அல்லது டப்பாவுக்குப் போகும் குழாய் மடங்கியிருக்கிறது.

மீட்டர் முள்ளை எவ்வளவு நம்பலாம்

டாஷ்போர்டு முள் ஓர் எச்சரிக்கை விளக்குக்குச் சமம், அவ்வளவுதான். அதை வைத்து அளக்க முடியாது. தொண்ணூறுகளிலிருந்தே பல கார்களில் முள்ளை வேண்டுமென்றே மந்தமாக அமைத்திருக்கிறார்கள். தண்ணீர் 80-இல் இருந்தாலும் 100-ஐத் தொட்டாலும் முள் ஏறக்குறைய நடுவிலேயே நிற்கும். ஓட்டுநர் வீணாகப் பயப்படக் கூடாது என்பது அதன் நோக்கம். முள் நகர ஆரம்பிப்பதற்குள் நிலைமை முற்றியிருக்கும்.

இன்னொன்று இதைவிட ஆபத்தானது. சென்சார் தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் சரியாகச் சொல்லும். ஹோஸ் பிய்ந்து தண்ணீர் முழுக்கக் கொட்டிவிட்டால் சென்சாரைச் சுற்றி வெறும் காற்றும் ஆவியும்தான் இருக்கும். அப்போது முள் மேலே போகாமல் கீழே இறங்கவும் செய்யும். நீண்ட தூரம் ஓடிச் சூடான வண்டியில் முள் திடீரென்று சி (குளிர்) பக்கம் விழுந்தால் "அப்பாடா, ஆறிடுச்சு" என்று நினைக்காமல் உடனே ஓரம் கட்டுங்கள்.

முள் வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு பழைய வழி இருக்கிறது. மீட்டருக்குப் போகும் சென்சாரில் ஒற்றை வயர் இருக்கும். சாவியை ஆன் செய்து அந்த வயரைக் கழற்றினால் முள் சி-யில் நிற்க வேண்டும். வயரின் முனையை இன்ஜின் உலோகத்தில் எர்த் ஆகும்படி தொட்டால் எச் (சூடு) பக்கம் ஏற வேண்டும். ஏற ஆரம்பித்ததும் எடுத்துவிடுங்கள். பிடித்தபடியே நின்றால் மீட்டர் போய்விடும். இரண்டும் சரியாக நடந்தால் மீட்டரும் வயரும் நன்றாக இருக்கின்றன, சந்தேகம் சென்சார் மேல்தான். இரண்டு வயர் உள்ள சென்சார் இ.சி.யு.-வுக்கு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டருக்கு) போவது, அதில் இந்த வேலையைச் செய்யாதீர்கள்.

எண்ணாகப் பார்க்கும் வழிகள்

2010-க்குப் பின் வந்த பல கார்களில் ஸ்டியரிங் அடியில் ஓ.பி.டி. சாக்கெட் (இன்ஜின் கம்ப்யூட்டரின் தகவலைப் படிக்கும் சாக்கெட்) இருக்கும். புளூடூத் அடாப்டர் ஒன்றைச் செருகினால் கூலன்ட் வெப்பநிலையை ஃபோனிலேயே பார்த்துவிடலாம். என் வண்டிபோல கார்புரேட்டர் காலத்து வண்டிகளுக்கு அந்த வசதி கிடையாது. நமக்கு இரண்டு வழி உண்டு.

ஒன்று, இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர். துப்பாக்கிபோலப் பிடித்து அழுத்தினால் எண் வரும். கொரோனா காலத்தில் நெற்றியில் காட்டினார்களே, அது வேண்டாம், அது மனித உடம்புச் சூட்டுக்கானது. 300 டிகிரிக்கு மேல் காட்டும் தொழிற்சாலை ரகம் வாங்குங்கள். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பளபளப்பான அலுமினியத்தில் காட்டினால் அது சரியாகப் படிக்காது, 20, 30 டிகிரி குறைத்துக்கூடக் காட்டும். வாங்கியவர்கள் பலர் "இது டுபாக்கூர்" என்று தூக்கிப் போடுவது இதனால்தான். மேல் ஹோஸ் இன்ஜினோடு சேரும் இடத்தில், தெர்மோஸ்டாட்டை மூடியிருக்கும் அலுமினியப் பாகத்தில், ஐந்து ரூபாய் நாணய அளவுக்கு வெப்பம் தாங்கும் கருப்பு பெயின்ட் அடித்து வைத்திருக்கிறேன். மேட் பெயின்ட், பளபளக்காதது. எப்போதும் அந்தப் புள்ளியில்தான் அளப்பேன், ஒரு சாண் தூரத்தில் பிடித்து. அளக்கும் இடமும் தூரமும் மாறாமல் இருந்தால்தான் இன்றைய எண்ணைப் போன மாத எண்ணோடு ஒப்பிட முடியும்.

மற்றொன்று, ஓடும்போதே பார்ப்பதற்கு. 12 வோல்ட்டில் ஓடும் சின்ன டிஜிட்டல் தெர்மாமீட்டர் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கும், கூடவே ஒரு மீட்டர் வயரில் உலோக முனையுள்ள சென்சார் வரும். முனை 110 டிகிரியாவது தாங்கக்கூடியதா என்று கேட்டு வாங்குங்கள். அதை அதே தெர்மோஸ்டாட் மூடியின் மேல் ஒட்டி வைத்து, மேலே ஒரு துண்டு ரப்பர் வைத்து, உலோக டையால் கட்டிவிட வேண்டும். ரப்பர் எதற்கு என்றால், ரேடியேட்டர் வழியாக வரும் காற்று நேராகப் பட்டு எண்ணைக் குறைத்துவிடாமல் இருக்க. வெளியிலிருந்து அளப்பதால் உண்மையான தண்ணீர்ச் சூட்டைவிட மூன்று நான்கு டிகிரி குறைவாகவே காட்டும். பரவாயில்லை. ஒவ்வொரு நாளும் ஒரே அளவு குறைத்துக் காட்டினால் போதும், மாற்றம் தெரிந்துவிடும். இன்னும் துல்லியமாக வேண்டுமென்றால் மேல் ஹோஸை வெட்டி நடுவில் அடாப்டர் வைத்து, சென்சார் தண்ணீரிலேயே நனையும்படி தனி மீட்டர் பொருத்தலாம். தினமும் மலை ஏறும் வண்டிக்கு அதுதான் சரி. நகரத்துக்குள் ஓடும் வண்டிக்கு ஹோஸை வெட்டி இரண்டு புது ஜாயின்ட்டுகளை உண்டாக்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒவ்வொரு ஜாயின்ட்டும் ஒழுகக்கூடிய ஓர் இடம்.

ஒரு முழுச் சுற்றைப் பார்ப்பது

இதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும். வண்டி ராத்திரி முழுக்க ஆறியிருக்க வேண்டும்.

ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீர் கழுத்துவரை இருக்கிறதா பாருங்கள். டப்பாவில் மட்டும் பார்த்துவிட்டு விடக் கூடாது. டப்பாவுக்குப் போகும் குழாய் வெடித்திருந்தால் டப்பா நிறைந்திருக்கும், ரேடியேட்டர் காலியாக இருக்கும். குறைந்திருந்தால் கூலன்டும் டிஸ்டில்டு வாட்டரும் கலந்து ஊற்றுங்கள். எங்கள் ஊரில் போர் தண்ணீரை உப்புத் தண்ணி என்போம். அதை ஊற்றினால் குழாய்களுக்குள் வெள்ளையாகப் படிந்து, சில வருடங்களில் ரேடியேட்டர் பாதி அடைத்துவிடும். சிறுவாணித் தண்ணீர் குடிக்க அருமை, ஆனாலும் ரேடியேட்டருக்கு டிஸ்டில்டு வாட்டர்தான். நம் ஊரில் தண்ணீர் உறையாது, கூலன்ட் எதற்கு என்று கேட்பார்கள். துருப் பிடிக்காமல் காப்பதும் கொதிநிலையை உயர்த்துவதும் அதன் வேலை. பாதிக்குப் பாதி கலந்தால் அழுத்தம் இல்லாமலே 106 டிகிரி சுமாருக்குத்தான் கொதிக்கும்.

மூடியைப் போட்டு, ஏ.சி.யை அணைத்து, ஸ்டார்ட் செய்து ஐட்லிங்கில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல்) விடுங்கள். ஒரு காகிதத்தில் நேரத்தையும் சூட்டையும் நிமிடத்துக்கு ஒரு முறை எழுதுங்கள். சும்மா பார்த்துக்கொண்டிருப்பதற்கும் எழுதுவதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. பார்த்தது மறந்துவிடும், எழுதியது அடுத்த வருடமும் சாட்சி சொல்லும்.

முதலில் இன்ஜின் பக்கம் சூடு ஏறும், மேல் ஹோஸின் ரேடியேட்டர் முனை குளிர்ந்தே இருக்கும். 80-ஐத் தாண்டியதும் ஒரு கட்டத்தில் அந்த முனையும் சட்டென்று சூடாகும். தெர்மோஸ்டாட் திறந்துவிட்டது என்று அர்த்தம். ஆரம்பத்திலிருந்தே மேல் ஹோஸ் இன்ஜினோடு சேர்ந்து மெதுவாகச் சூடாகிக்கொண்டு வந்தால் தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டியிருக்கிறது, அல்லது யாரோ கழற்றிவிட்டார்கள். 95-ஐத் தாண்டியும் ஹோஸ் குளிர்ந்திருந்தால் திறக்கவே இல்லை. அந்த நிலையில் இன்ஜினை அணைத்துவிடுங்கள்.

திறந்தபின் சூடு ஓரிரு டிகிரி இறங்கி மறுபடி ஏறும். பிறகு ஃபேன் ஆன் ஆகும் தருணம். என் வண்டியில் 93-இல் ஆன் ஆகும். ஐட்லிங் சத்தம் ஒரு நொடி தாழ்ந்து சரியாகும், ஹெட்லைட் போட்டிருந்தால் லேசாக மங்கும். ஒன்றரை நிமிடத்துக்குள் 87-க்கு இறங்கி ஃபேன் நின்றுவிடும். மறுபடி ஏறி ஆன் ஆக நான்கைந்து நிமிடம் பிடிக்கும். மே மாத மதியத்தில் ஓடும் நேரம் கூடும், மார்கழிக் காலையில் குறையும். இந்த ஏற்ற இறக்கத்தை மூன்று சுற்று எழுதி வைத்துக்கொண்டால் அதுதான் உங்கள் வண்டியின் ஜாதகம். பிற்காலத்தில் எந்தக் கோளாறு வந்தாலும் முதலில் மாறுவது இந்த நேரங்கள்தான். ஃபேன் ஓடும் நேரம் ஒன்றரை நிமிடத்திலிருந்து மூன்று நிமிடமாகும்போது மீட்டர் முள் அசையக்கூட அசைந்திருக்காது. ஆனால் ரேடியேட்டர் அடைக்க ஆரம்பித்துவிட்டது.

ஃபேன் ஓடும்போது ஒரு செய்தித்தாள் துண்டை கிரில்லுக்கு முன்னால் பிடித்துப் பாருங்கள். காகிதம் கிரில்லோடு ஒட்டிக்கொள்ள வேண்டும், விட்டாலும் விழாமல் நிற்க வேண்டும். இழுக்காமல் வெளியே தள்ளினால் மோட்டார் வயரை மாற்றிப் போட்டு ஃபேன் எதிர்ப்பக்கம் சுற்றுகிறது. மோட்டார் மாற்றிய வண்டிகளில் இதைப் பார்த்திருக்கிறேன். ஃபேன் ஓடும், சத்தம் வரும், வண்டி மட்டும் சூடாகிக்கொண்டே இருக்கும். லேசாக இழுத்தும் இழுக்காமலும் இருந்தால் ரேடியேட்டர் இடுக்குகளில் பூச்சியும் மண்ணும் அடைத்திருக்கிறது. பைப்பில் மிதமான வேகத்தில் தண்ணீரை இன்ஜின் பக்கமிருந்து முன்பக்கமாகப் பீய்ச்ச வேண்டும். வாட்டர் சர்வீஸ் பிரஷரை நேராக அடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கி நிரந்தரமாக அடைந்துவிடும்.

ஃபேன் ஓட வேண்டிய சூடு வந்தும் ஓடவில்லை என்றால்

இன்ஜினை அணைத்து ஆறவிட்டுப் பிறகு தேடுங்கள். ஒரு முக்கியமான எச்சரிக்கை: சில கார்களில் சாவியை எடுத்த பிறகும் ஃபேன் தானாக ஓட ஆரம்பிக்கும். ஃபேன் இறக்கை அருகே கை வைக்கும் முன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள்.

முதலில் ஃபியூஸ். கண்ணால் பார்த்தால் போதாது, கால்கள் கருத்திருக்கிறதா, சாக்கெட் உருகியிருக்கிறதா என்றும் பாருங்கள். அடுத்தது மோட்டார். ஃபேனின் பிளக்கைக் கழற்றி, பேட்டரியிலிருந்து இரண்டு வயர் நேராகக் கொடுங்கள், நடுவில் ஒரு ஃபியூஸ் வைத்து. சுற்றினால் மோட்டார் நல்லது. ஒரு தட்டு தட்டினால்தான் சுற்றுகிறது என்றால் மோட்டாருக்குள் மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறது. இன்று தட்டி ஓட்டிவிடலாம், அடுத்த டிராஃபிக் ஜாமில் இறங்கித் தட்ட முடியாது. மாற்றிவிடுங்கள்.

மோட்டார் நன்றாக இருந்தால் ஸ்விட்ச். சில வண்டிகளில் அது தெர்மோஸ்டாட் பக்கத்திலும், சிலவற்றில் ரேடியேட்டரின் கீழ்ப்பகுதியிலும் இருக்கும். பிளக்கைக் கழற்றி, சாவியை ஆன் செய்து, பிளக்கில் உள்ள இரண்டு முனைகளையும் ஒரு துண்டு வயரால் இணையுங்கள். ஒற்றை வயர் ஸ்விட்ச் என்றால் அந்த வயரை எர்த்தில் தொடுங்கள். இப்போது ஃபேன் ஓடினால் ஸ்விட்ச்தான் போயிருக்கிறது. விலை அதிகமில்லாத பாகம், யோசிக்காமல் மாற்றலாம். எம்.பி.எஃப்.ஐ. (கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோலை இன்ஜெக்டர் பீய்ச்சும்) கார்களில் ஃபேனை ஓட்டுவது இ.சி.யு. அங்கே இப்படி இணைக்கக் கூடாது. கூலன்ட் சென்சார் பிளக்கைக் கழற்றிவிட்டு இன்ஜினை ஓட்டினால், பல கார்களில் இ.சி.யு. பாதுகாப்புக்காக ஃபேனை ஓடவிடும். ஓடினால் ரிலேயும் மோட்டாரும் சரி.

ரிலேயை சோதிக்கச் சுருக்கு வழி, அதே அளவும் அதே எண்களும் உள்ள ஹாரன் ரிலேயை எடுத்து அங்கே மாட்டிப் பார்ப்பது. ரிலே டக்கென்று சத்தம் கொடுத்தும் ஃபேன் ஓடவில்லை என்றால் உள்ளே காண்டாக்ட் கருகியிருக்கலாம். 30, 87 என்ற கால்களுக்கு நடுவில் மின்சாரம் போகிறதா என்று டெஸ்ட் லேம்ப் வைத்துப் பாருங்கள்.

அப்புறம் எர்த், அதாவது மின்சாரம் வண்டியின் உடம்பு வழியாக பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் வழி. பழைய வண்டிகளில் பாதிக் கோளாறு எர்த்தில்தான். ஃபேன் ஓடும்போது மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் இன்னொன்றை ஃபேனின் நெகட்டிவிலும் வையுங்கள். 0.5 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். ஒன்று, ஒன்றரை என்று வந்தால் எங்கோ துருவில் மின்சாரம் தொலைகிறது, ஃபேன் சோம்பலாகச் சுற்றும். ஸ்விட்ச் எர்த் பக்கம் இருக்கும் வண்டிகளில் இதே சோதனை ஸ்விட்சையும் சேர்த்து அளந்துவிடும். எர்த் போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கிக் கொஞ்சம் கிரீஸ் தடவினால் பத்து நிமிட வேலை.

'டைரக்ட்' வேண்டாம்

"அண்ணா, இந்த வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதுக்குங்க? கழட்டிட்டு ஃபேனை டைரக்ட் பண்ணி விட்டறலாம், வண்டி கூலா ஓடும்." இந்த வசனத்தைப் பழைய கார் வைத்திருக்கும் எல்லோரும் கேட்டிருப்பீர்கள். டைரக்ட் என்றால் சூட்டு ஸ்விட்சைத் தவிர்த்து ஃபேனை எப்போதும் ஓடவிடுவது. சொல்பவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் நான் இதை ஒப்புக்கொள்ளவே மாட்டேன். தெர்மோஸ்டாட் இல்லாத வண்டி ஹைவேயில் 65, 70 டிகிரியிலேயே ஓடும். பெட்ரோல் சரியாக ஆவியாகாமல் ஆயிலில் கலக்கும், மைலேஜ் குறையும், சிலிண்டர் தேய்மானம் கூடும். இதைவிடப் பெரிய நஷ்டம், ஃபேன் எப்போதும் ஓடிக்கொண்டிருந்தால் அது நமக்குச் சொல்லிக்கொண்டிருந்த தகவல் நின்றுபோகிறது. ரேடியேட்டர் அடைத்துக்கொண்டே வரும், தெரியவே தெரியாது. ஒரு நாள் ஓடும் ஃபேனோடு வண்டி கொதிக்கும்.

ஸ்விட்ச் கிடைக்கும்வரை தற்காலிகமாக டைரக்ட் கொடுக்கலாம், தவறில்லை. நிரந்தரமாக வேண்டுமென்றால், தானியங்கி ஸ்விட்சை அப்படியே வைத்து, அதற்கு இணையாக டாஷ்போர்டில் ஒரு கை ஸ்விட்ச் போடுங்கள், ரிலே வழியாக. ஃபேன் மின்சாரம் நேராக அந்தச் சின்ன ஸ்விட்ச் வழியாகப் போனால் அது உருகும். மலை ஏறும் முன் நாமே ஃபேனைப் போட்டுக்கொள்ளலாம், மற்ற நேரம் வண்டி தன் கணக்கில் ஓடும்.

இதோடு ஒரு விளக்கும் வைக்கச் சொல்வேன். ஃபேன் மோட்டாரின் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே, ஒரு கிலோ ஓம் ரெசிஸ்டரோடு ஒரு பச்சை எல்.இ.டி., வயர் தொடங்கும் இடத்தில் ஓர் ஆம்பியர் ஃபியூஸ். மீட்டர் ஓரத்தில் அந்தப் பொட்டு எரிந்தால் ஃபேனுக்கு மின்சாரம் போகிறது. மோட்டார் சுற்றுகிறதா என்று அந்த விளக்கு சொல்லாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். விளக்கு எரிந்தும் சூட்டு எண் இறங்கவில்லை என்றால் மோட்டாரைப் பாருங்கள்.

எப்போது சூடாகிறது என்பதே பாதி விடை

சிக்னலில் நிற்கும்போது ஏறி, நகர ஆரம்பித்ததும் இறங்கினால் ஃபேன் அல்லது காற்றோட்டம். 40 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் எதிர்க்காற்றே போதும், ஃபேன் தேவையில்லை. நேர்மாறாக, ஊருக்குள் சரியாக இருந்து அவிநாசி ரோட்டைத் தாண்டி ஹைவேயில் வேகம் பிடித்ததும் ஏறினால் ரேடியேட்டர் உள்ளடைப்பு, வாட்டர் பம்ப், பெல்ட், பாதி திறக்கும் தெர்மோஸ்டாட், இவற்றில் ஒன்று. பெல்ட்டை நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் ஒரு சென்டிமீட்டருக்குள்தான் அமுங்க வேண்டும்.

குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து இரண்டு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல்லாக இறுகினாலோ, மூடியில்லாத ரேடியேட்டரில் குமிழிகள் விடாமல் வந்தாலோ, ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் எண்ணெய் வெளுத்து நுரைத்திருந்தாலோ ஹெட் கேஸ்கெட்டை, அதாவது ஹெட்டுக்கும் அதன் கீழே உள்ள இன்ஜின் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகட்டை, சந்தேகியுங்கள். தண்ணீர் குறைகிறது, எங்கேயும் சொட்டவில்லை, வெள்ளைப் புகை நிற்கவே மாட்டேன் என்கிறது என்றாலும் அதேதான். அப்போது ஃபேனைப் பார்ப்பதில் பயனில்லை.

ஏற்றத்தில்

மேட்டுப்பாளையம் கடந்து கல்லாறில் ஏற்றம் ஆரம்பிக்கும்போது ஏ.சி.யை அணைத்துவிடுவேன். இரண்டாம் கியரில் இன்ஜின் கொஞ்சம் வேகமாகச் சுற்றும்படி விடுவது நல்லது. மூன்றாம் கியரில் திணறவிட்டால் வாட்டர் பம்பும் மெதுவாகத்தான் சுற்றும், சூடு சீக்கிரம் ஏறும். என் வண்டியில் கல்லாறு தாண்டி 90-ஐத் தொடும், பர்லியாறு வரை 92, 95 என்று ஃபேனோடு சேர்ந்து ஏறி இறங்கும். 100-ஐத் தொட்டால் ஹீட்டரை முழுசாகத் திறந்து, அதன் காற்றாடியையும் முழு வேகத்தில் வைப்பேன். உள்ளே வேகும், ஆனால் ஹீட்டரும் ஒரு சின்ன ரேடியேட்டர்தான், நான்கைந்து டிகிரி இறக்கிக் கொடுக்கும். பர்லியாறு பழக்கடைகள் அருகே நிறுத்தினால் உடனே சாவியைத் திருப்பாமல் ஐட்லிங்கில் விட்டு, ஃபேன் ஒரு சுற்று ஓடி நின்றபின் அணையுங்கள். இது 100-க்குள் இருக்கும் வண்டிக்கு.

105-ஐத் தாண்டினாலோ ஆவி வந்தாலோ ஓரம் கட்டி உடனே அணைத்துவிடுங்கள். பானட்டைத் திறந்து வையுங்கள், ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள். உள்ளே 100-க்கு மேல் அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர், மூடி நெகிழ்ந்த கணத்தில் ஆவியாக முகத்தில் அடிக்கும். துணி சுற்றித் திறக்கலாம் என்பவர் பேச்சைக் கேட்காதீர்கள். மேல் ஹோஸைத் துணி வைத்து அமுக்கிப் பார்த்து, அது தளர்ந்து மெத்தென்று அமுங்கும்வரை காத்திருங்கள். அரைமணி நேரமாவது ஆகும். இன்ஜின் மேல் தண்ணீர் ஊற்றினால் அலுமினிய ஹெட் வளையும் அல்லது வெடிக்கும்.

ஆறியபின் மூடியை முதல் தட்டு வரை திருப்பி, சீறல் நின்றதும் எடுங்கள். இன்ஜினை ஸ்டார்ட் செய்து ஐட்லிங்கில் விட்டபடி தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். அவசரத்துக்குக் குடிதண்ணீர் ஊற்றலாம், ஊருக்குப் போனதும் வடித்துவிட்டுக் கூலன்ட் மாற்றிவிட வேண்டும். எவ்வளவு பிடித்தது என்று பாட்டில் கணக்கில் குறித்துக்கொள்ளுங்கள், மெக்கானிக் அதைத்தான் முதலில் கேட்பார். ஊற்றிய தண்ணீர் நிற்காமல் அடியில் கொட்டினாலோ, ரேடியேட்டரில் குமிழிகள் பொங்கினாலோ, மூன்று சிலிண்டரில் ஒன்று விட்டுவிட்டு அடித்தாலோ அதற்கு மேல் ஓட்டாமல் அணைத்து, வண்டியைக் கட்டி இழுத்தே கீழே இறக்குங்கள்.